வேர்க்குருதானே என்று விட்டுவிடலாமா?

சித்திரை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு பேச்சுகள் தவறாமல் காதில் விழும். ஒன்று, "இந்த வருஷம் போல வெயிலைக் கண்டதே இல்லை" என்பது. இதை நாம் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். மற்றொன்று, முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "அது வேர்க்குருதான், ஒரு மழை பெய்தால் போய்விடும்" என்பது. இந்த இரண்டாவது பேச்சைப் பற்றியே இக்கட்டுரை.

வேர்க்குரு உயிரைப் பறிக்கும் நோயன்று. பெரும்பாலான வீடுகளில் அது தானே வந்து தானே மறைகிறது. அதனாலேயே அதைப் பற்றி முறையாக அறிந்துகொள்ள நாம் முற்படுவதில்லை. நானும் அவ்வாறே இருந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் நேர்ந்த நிகழ்ச்சிதான் என்னை இதுபற்றி மருத்துவர்களிடம் கேட்கவும், படிக்கவும், இப்போது எழுதவும் தூண்டியது.

அப்போது நான் கடலோர ஊர் ஒன்றின் மத்ரஸாவில் பாடம் நடத்தி வந்தேன். விடுதியில் தங்கி ஓதும் பிள்ளைகளில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். நன்றாக மனனம் செய்பவன். அந்தச் சித்திரை மாதத்தில் அவன் போக்கே மாறிவிட்டது. பாடத்தில் அமர்ந்தால் நெளிவான்; தூணில் முதுகை உரசுவான்; நேற்று ஒப்புவித்த பாடத்தில் இன்று தடுமாறுவான். கவனக்குறைவு என்று கருதிய நான் இரண்டு முறை கடிந்துகொண்டேன். மூன்றாம் முறை எழுந்து நிற்கச் சொன்னேன். அவன் மறுபேச்சின்றி நின்றான்.

மறுநாள் பின்னிரவில் விடுதியைச் சுற்றிப் பார்க்கச் சென்றபோது, அவன் பாயை விட்டுவிட்டுச் சட்டையின்றி வெறும் சிமெண்டுத் தரையில் குப்புறக் கிடந்தான். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கழுத்து முதல் இடுப்பு வரை முதுகு முழுவதும் செந்நிறப் பொரிகள். நகத்தால் கீறிய தடங்கள். தோள்பட்டையின் கீழே சில இடங்களில் சீழ் கட்டியிருந்தது. தொட்டால் உடம்பு அனலாய்ச் சுட்டது.

விடிந்ததும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். தகவல் அறிந்து வந்த அவன் உம்மா, மகன் முதுகைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அரிச்சிருக்கே வாப்பா, ஹஜ்ரத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "பாடம் குடுக்காம இருக்கறதுக்குச் சாக்கு சொல்றேன்னு ஹஜ்ரத் நெனைச்சுக்குவாங்க உம்மா."

அந்தத் தாய் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. கூறியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வேர்க்குரு என்பது யாது?

'வேர்க்குரு' என்ற சொல்லிலேயே அதன் காரணம் அடங்கியிருக்கிறது. இங்கே 'வேர்' என்பது மரத்தின் வேரன்று. வேர்த்தல், அதாவது வியர்த்தல். 'குரு' என்பது தோலில் எழும்பும் சிறு பரு. வியர்வையால் எழும்பும் பரு என்பதே பொருள். வியர்க்குரு என்று சிலரும், வேக்குரு என்று பேச்சு வழக்கில் பலரும் சொல்வது இதைத்தான். மருத்துவர்கள் இதற்கு 'மிலியேரியா' என்று பெயரிட்டிருக்கிறார்கள். தினை போன்ற சிறுதானியத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தோலின்மீது தினையைத் தூவினாற்போலத் தோன்றுவதால் அப்பெயர்.

நம் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொரு சுரப்பியிலிருந்தும் மெல்லிய குழாய் ஒன்று தோலின் மேற்பரப்பு வரை வருகிறது. உடல் சூடேறும்போது வியர்வை இக்குழாய்களின் வழியே வெளியேறுகிறது. வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிர்ந்துவிடாது. அது ஆவியாக மாறும்போதுதான் உடலின் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது.

காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது. தோலின்மீதே தேங்கி நிற்கும். நெடுநேரம் ஈரத்தில் ஊறிய மேல்தோல் உப்பிக்கொள்கிறது. குழாயின் வாய் அடைபடுகிறது. தோலில் இயல்பாகவே வாழும் சில நுண்ணுயிர்கள் சுரக்கும் பசை போன்ற பொருளும் இந்த அடைப்புக்குத் துணை செய்கிறது. வெளியேற வழியில்லாத வியர்வை, குழாயிலிருந்து கசிந்து தோலுக்குள்ளேயே பரவுகிறது. அவ்விடம் சிவந்து, தடித்து, ஊசி குத்துவதுபோல் சுருக்கென்கிறது. இதுவே வேர்க்குரு.

வெயிலின் அளவைவிடக் காற்றின் ஈரமே வேர்க்குருவுக்கு முக்கியமான காரணம் என்பது இதிலிருந்து விளங்கும். வேலூரிலும் திருச்சியிலும் வெயில் கடுமைதான். ஆயினும் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில், வெயில் சற்றுக் குறைந்திருந்தாலும் உடம்பு காய்வதே இல்லை. மாம்பழமும் பலாப்பழமும் தின்றதால் வந்த 'உடம்புச் சூடு' என்று பிள்ளைகளைப் பழி கூறுகிறோம். வேர்க்குரு வயிற்றிலிருந்து வருவதன்று. தோலின் வாயில் ஏற்படும் அடைப்பு அது.

மூன்று வகைகள்

அடைப்பு தோலின் எந்த ஆழத்தில் ஏற்படுகிறது என்பதைப் பொறுத்து வேர்க்குரு மூன்று வகைப்படும்.

முதல் வகையில் அடைப்பு தோலின் மேலடுக்கிலேயே இருக்கும். பனித்துளிகளைத் தெளித்தாற்போல, தெளிந்த நீர் கொண்ட மிகச் சிறு கொப்புளங்கள் தோன்றும். சிவப்பும் இராது, அரிப்பும் இராது. துணி உரசினாலே உடைந்து, பொருக்காகி உதிர்ந்துவிடும். பிறந்து ஓரிரு வாரமே ஆன குழந்தைகளிடமும், காய்ச்சலில் வியர்த்துக் கிடப்பவர்களிடமும் இதைக் காணலாம்.

இரண்டாம் வகையே நாம் அனைவரும் அறிந்த வேர்க்குரு. அடைப்பு சற்று ஆழத்தில் இருக்கும். சிவந்த சிறு பொரிகள் நெருக்கமாகத் தோன்றும். அரிப்பும் சுருக்கென்ற குத்தலும் இருக்கும். வெயிலில் சென்றாலோ, ஓடியாடி வியர்த்தாலோ குத்தல் அதிகமாகும். இதில் கிருமி தொற்றிக்கொண்டால் பொரிகளில் சீழ் வைக்கும். என் மாணவனுக்கு நேர்ந்தது அதுதான்.

மூன்றாம் வகை அரிதானது. இரண்டாம் வகை மீண்டும் மீண்டும் வந்து, தோலின் அடியடுக்கு வரை அடைப்பு சென்றவர்களுக்கு ஏற்படுவது. தோலின் நிறத்திலேயே கெட்டியான சிறு முண்டுகள் எழும்பும். பெரிதாக அரிப்பிராது. ஆனால் ஆபத்து இதில்தான் அதிகம். உடம்பின் பெரும்பகுதியில் வியர்வையே வெளிவராமல் போவதால், உடலின் வெப்பம் தணிய வழியின்றித் தலைசுற்றல், சோர்வு, மயக்கம் முதலியவை ஏற்படலாம். இரண்டாம் உலகப் போரின்போது வெப்ப நாடுகளில் பணிபுரிந்த ஐரோப்பியப் படைவீரர்கள் பலர் வேர்க்குருவால் துன்புற்றனர். அதையொட்டி 1940களில் நடந்த ஆய்வுகளின் வாயிலாகவே குழாய் அடைப்பு பற்றிய உண்மைகள் பலவும் தெளிவாயின.

எங்கே தோன்றும்? யாருக்குத் தோன்றும்?

தோலும் தோலும் உரசும் இடங்களிலும், துணி இறுகப் பிடிக்கும் இடங்களிலும் வேர்க்குரு மிகுதியாகத் தோன்றும். கழுத்து, முதுகு, மார்பு, அக்குள், முழங்கையின் உள்மடிப்பு, தொடையிடுக்கு, பெண்களுக்கு மார்பகத்தின் கீழ்ப்பகுதி, பாவாடை நாடாவும் கைலியும் இறுக்கும் இடுப்பு ஆகியவை அவ்விடங்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இது பொதுவாக வருவதில்லை. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

பிள்ளைகள், உடல் பருத்தவர்கள், அடுப்படியில் நெடுநேரம் நிற்கும் பெண்கள், வெயிலில் உழைப்பவர்கள் ஆகியோருக்கு இது எளிதில் வரும். நாம் அடிக்கடி மறந்துவிடும் இன்னொரு சாரார் உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்கள். மெத்தை நனையாமலிருக்க ரப்பர் விரிப்பை விரித்து, அதன்மேல் அவர்களை மல்லாக்கப் படுக்க வைத்துவிடுகிறோம். முதுகு முழுவதும் வியர்வையில் ஊறுகிறது. வாய்விட்டுச் சொல்ல இயலாதவர்களாக இருந்தால் நமக்குத் தெரிவதே இல்லை. விரிப்பின்மேல் கனமான பருத்தித் துணியை விரித்து, ஈரமானதும் மாற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், முதுகைத் திறந்து பார்ப்பதும் வேர்க்குருவைத் தடுக்கும். படுக்கைப் புண்ணையும் தடுக்கும்.

பிள்ளை பெற்ற அறை

நம் வீடுகளில் பிள்ளை பெற்ற தாயையும் குழந்தையையும் நாற்பது நாள் வரை தனியறையில் வைத்துப் பேணும் வழக்கம் உண்டு. தாய்க்கு ஓய்வு கிடைக்கிறது. குழந்தைக்கு வெளியார் தொற்று குறைகிறது. நல்ல வழக்கந்தான். ஆயினும் 'காற்றுப் பட்டுவிடும்' என்ற அச்சத்தில் சன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, குழந்தையின் தலையில் கம்பளிக் குல்லா மாட்டி, துணிமேல் துணி சுற்றி வைப்பது வைகாசி மாதத்துக்கு ஏற்றதன்று.

பச்சிளங் குழந்தையின் வியர்வைக் குழாய்கள் முழு வளர்ச்சி அடையாதவை. எளிதில் அடைபடும். தனக்குப் புழுங்குகிறது என்று சொல்லவும் அதற்குத் தெரியாது, அழத்தான் தெரியும். பசி என்று எண்ணிப் பால் கொடுக்கிறோம். வயிற்றுவலி என்று எண்ணி ஓமத்தண்ணீர் தேடுகிறோம். குல்லாவைக் கழற்றினால் போதுமானதாக இருந்திருக்கும்.

குழந்தையின் கழுத்தின் பின்புறத்திலோ மார்பிலோ கையை வைத்துப் பாருங்கள். ஈரமாகவும் சூடாகவும் இருந்தால் உடுப்பு அதிகம் என்று பொருள். கையும் காலும் சற்றுச் சில்லென்றிருப்பதை மட்டும் கொண்டு குளிர்கிறது என்று முடிவு செய்யலாகாது. கோடையில் மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். சன்னலைத் திறந்து வைக்கலாம். மின்விசிறியை மெதுவாக ஓடவிடலாம். காற்று நேரே முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் சூடு தேவைப்படுமாதலால், அவர்களைப் பொறுத்தவரை மருத்துவர் சொல்வதையே பின்பற்ற வேண்டும்.

ஆறு மாதம் நிறைவடையாத குழந்தைக்கு வெயில் காலமென்று தண்ணீர் புகட்ட வேண்டியதில்லை. தாய்ப்பாலிலேயே வேண்டிய நீர் இருக்கிறது. அடிக்கடி பால் கொடுத்தாலே போதும். தாய்தான் நிறையத் தண்ணீர் அருந்த வேண்டும்.

வேர்க்குருவா, வேறொன்றா?

கோடையில் தோலில் எது எழும்பினாலும் வேர்க்குரு என்று பெயர் சூட்டிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. இங்கேதான் தவறு நேர்கிறது. கீழ்க்காணும் வேறுபாடுகளை வீட்டிலுள்ளவர்கள் அறிந்திருப்பது நலம்.

சிரங்கு: கண்ணுக்குப் புலப்படாத சிறு பூச்சி தோலைத் துளைப்பதால் வருவது. இரவில் அரிப்பு மிகும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய பகுதி, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோன்றும். சிறு பிள்ளைகளுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூட வரும். வீட்டில் ஒருவருக்குப் பின் ஒருவர் சொறியத் தொடங்கினால் அது வேர்க்குருவாக இருக்க வாய்ப்பில்லை. ஒரே பாயில் படுப்பவர்களும் வீட்டிலுள்ள மற்றவர்களும் ஒரே நேரத்தில் மருந்திட்டுக்கொள்ள வேண்டும். இல்லையேல் அது சுற்றிச் சுற்றி வரும். விடுதி நடத்துவோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

நீர்க்கொப்புள அம்மை: காய்ச்சலும் உடல்வலியும் இருக்கும். கொப்புளங்கள் ஒரே மாதிரியாக இராமல், சில புதிதாகவும் சில உடைந்தும் சில பொருக்குத் தட்டியும் கலந்து காணப்படும். தலையின் தோலிலும் வாயின் உட்புறத்திலும் கூடத் தோன்றும். எல்லாக் கொப்புளங்களும் பொருக்காகும் வரை பிறருக்குத் தொற்றும். கருவுற்ற பெண்களைக் கண்டிப்பாக விலக்கி வைக்க வேண்டும்.

தட்டம்மை: முதலில் மூன்று நான்கு நாள் கடுங்காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண்சிவப்பு. அதன் பின்னரே காதின் பின்புறத்திலும் முகத்திலும் தடிப்புகள் தொடங்கி உடலில் கீழ்நோக்கி இறங்கும். பிள்ளைக்கு ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் போடப்படும் தடுப்பூசிகள் இதைத் தடுப்பதற்கே.

படர்தாமரை: வட்டமாகப் படரும். ஓரம் சிவந்து தடித்தும் நடுப்பகுதி தெளிந்தும் இருக்கும். வியர்வையில் இதுவும் வளரும். வேர்க்குருவுக்கான பூச்சால் இது போகாது.

காணாக்கடித் தடிப்பு: திடீரென்று பட்டை பட்டையாக வீங்கிச் சில மணி நேரத்தில் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் எழும்பும். உணவு, மருந்து முதலியவற்றின் ஒவ்வாமையால் வரலாம். உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவற்றோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காய்ச்சலுள்ளவரின் உடம்பில் செம்புள்ளிகளோ ஊதாப் புள்ளிகளோ தோன்றி, அவற்றின்மீது கண்ணாடிக் குவளையை வைத்து அழுத்தினாலும் நிறம் மறையாமலிருந்தால், அது தோலின் அடியில் இரத்தம் கசிவதன் அறிகுறி. அந்த நிலையில் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

வேர்க்குருவுக்கு முதல் மருந்து குளிர்ச்சி. உடல் வியர்ப்பதை நிறுத்தினால், அடைபட்ட குழாய்கள் சில நாட்களில் தாமே திறந்துகொள்ளும். எவ்வளவு விலையுயர்ந்த களிம்பைப் பூசினாலும், புழுக்கத்திலேயே இருந்தால் பயனில்லை.

காலையும் மாலையும் சாதாரணத் தண்ணீரில் குளிக்கலாம். மென்மையான சோப்பை நாளொன்றுக்கு ஒருமுறை பயன்படுத்தினால் போதும். குளித்தபின் துண்டால் தேய்த்துத் துவட்டாமல், மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கழுத்து மடிப்பையும் அக்குளையும் நன்றாகக் காயவிட்டுப் பிறகு சட்டை அணிவது அவசியம். உளூச் செய்தபின் கழுத்துப் பட்டையும் கைமடிப்பும் நனைந்த சட்டையுடனே மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

அரிப்பு மிகும்போது குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அவ்விடத்தில் பத்து நிமிடம் போட்டு வைக்கலாம். நுங்கின் நீரைத் தடவுவது நம் பாட்டிமார் வழக்கம். அது தரும் குளிர்ச்சியால் அரிப்பு சற்று அடங்குவது உண்மைதான். புதிதாக வெட்டிய நுங்காக, தோல் கீறாத இடமாக இருக்க வேண்டும்; காய்ந்தபின் கழுவிவிடவும் வேண்டும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் கேலமைன் என்ற இளஞ்சிவப்புப் பூச்சு அரிப்பைத் தணிக்கும். புட்டியை நன்றாகக் குலுக்கி, மெல்லிய படலமாகப் பூச வேண்டும். கைக்குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்டபின்பே பூசலாம்.

உடை தளர்வானதாகவும் பருத்தியாலானதாகவும் இருக்கட்டும். பாலியஸ்டர், நைலான் போன்றவை வியர்வையை உறிஞ்சாமல் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பெண்கள் வெளியில் அணியும் புர்காவும் மெல்லிய, காற்றோட்டமான துணியில், தொளதொளவென்று தைத்ததாக இருப்பின் நலம். அதனுள் அணியும் ஆடை பருத்தியாக இருக்கட்டும். வீடு திரும்பியதும் அதே வியர்வை ஆடையுடன் அடுப்படிக்குச் சென்றுவிடாமல் முதலில் உடை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த வேலை பத்து நிமிடம் காத்திருக்கும். ஆண்களும் பிள்ளைகளும் இரவில் தொப்பியோடும் பனியனோடும் உறங்குவதைத் தவிர்க்கலாம்.

அறையில் காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் வழி வேண்டும். தண்ணீர் ஊற்றி இயக்கும் காற்றுக் குளிர்விப்பான் வறண்ட உள்மாவட்டங்களில் நன்கு பயன்படும். கடலோரத்தில், அதுவும் அடைத்த அறையில், அது ஈரத்தைக் கூட்டிப் புழுக்கத்தை மிகுவிக்கும். இவ்வூர்களில் சன்னலும் மின்விசிறியுமே மேல்.

பிள்ளைகளின் நகங்களை வெள்ளிக்கிழமை தோறும் வெட்டிவிடும் நல்ல வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கோடையில் அதைத் தவறவிடாதீர்கள். வேர்க்குரு புண்ணாவது பெரும்பாலும் நகத்தால்தான்.

என்ன செய்யக் கூடாது?

முகப்பவுடரைக் கொட்டிப் பூசுவதை நிறுத்துங்கள். வியர்வையோடு சேர்ந்து அது மாவுபோல் குழைந்து தோலின் மடிப்புகளில் அடைந்துகொள்ளும். குழந்தைகளுக்குப் பவுடர் தூவும்போது எழும் தூசி மூச்சுக்குழலுக்குள் சென்று தீங்கு விளைவிக்கக்கூடும். 'பவுடர் மணக்கும் குழந்தை' நமக்கு இன்பந்தான். குழந்தையின் நெஞ்சுக்கு அது நல்லதன்று.

தேங்காய் எண்ணெய், வாசலின், பசையான களிம்புகள் முதலியவற்றை வேர்க்குருவின்மேல் தடவக் கூடாது. அடைபட்ட வாயை அவை மேலும் அடைக்கும். பீர்க்கங்கூடு கொண்டோ, பயற்றமாவு கொண்டோ தேய்த்துக் குளிப்பாட்டக் கூடாது. எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து தடவுவதும், கிருமிநாசினித் திரவத்தை நீர் கலக்காமல் அப்படியே ஊற்றுவதும் புண்ணை எரிக்குமேயன்றி ஆற்றா. பொரியைக் குத்தி உடைப்பதும் தவறு.

எல்லாவற்றிலும் கேடானது, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் 'எல்லாவற்றுக்குமான' களிம்பை வாங்கிப் பூசுவது. அவற்றுள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் நாளே அரிப்பு நின்றுவிடும். ஆகையால் மருந்து அருமையானது என்று எண்ணுவோம். நாளடைவில் தோல் மெலியும், நிறம் மாறும், படர்தாமரையாக இருந்தால் உருமாறி ஆழமாகப் பரவும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018இல் ஆணையிட்டது. மருத்துவர் தேவை கருதி, குறைந்த வீரியத்தில், சில நாளுக்கு எழுதிக் கொடுப்பது வேறு. நாமாக வாங்கிப் பூசுவது வேறு.

எப்போது மருத்துவரிடம் செல்வது?

குளிர்ச்சியான சூழலில் வைத்தும் நான்கைந்து நாளில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ் வைத்தாலும், சுற்றிலும் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலும், வலி மிகுந்தாலும், சிவப்புக் கோடு ஓடினாலும், அக்குளிலோ கழுத்திலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினாலும், காய்ச்சலோ குளிர்நடுக்கமோ கண்டாலும் அந்த நான்கைந்து நாளும் காத்திருக்க வேண்டாம், அன்றே செல்லுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சிறு சீழ்ப்பொரியையும் சிறிதென்று எண்ணலாகாது.

கடும் வெயிலில் ஒருவருக்கு உடல் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. வியர்வை நின்றுபோயிருந்தாலும் சரி, வழிந்துகொண்டிருந்தாலும் சரி, அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்கு அழைக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கடல் கடந்து உழைப்பவர்கள்

நம் வீடுகளில் ஒருவரேனும் வளைகுடா நாட்டில் இருப்பார். அங்கே கோடையில் வெயிலும் கடல் ஈரமும் ஒன்றுசேரும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வெயிலில் வேலை வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. அந்த இரண்டரை மணி நேரத்தில் தலைக்கவசத்தையும் பூட்ஸையும் நனைந்த சட்டையையும் கழற்றி, உடம்பைக் காயவிடுமாறு உங்கள் பிள்ளைகளுக்கும் சகோதரர்களுக்கும் சொல்லுங்கள். மாற்றுச் சட்டை ஒன்றைக் கையோடு கொண்டுசெல்வது பெரிய சுமையன்று. 'வேர்க்குரு அரிப்பு நின்றுவிட்டது, ஆனால் வியர்ப்பதே இல்லை, தலை சுற்றுகிறது' என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். மேலே கூறிய மூன்றாம் வகையாக அது இருக்கலாம். வெயிலில் வேலை செய்வதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் விடுதியில்

என் மாணவனுக்கு மருத்துவர் மருந்து கொடுத்து, ஒரு வாரம் வீட்டில் வைத்திருக்கச் சொன்னார். அவன் உம்மா அவனை ஊருக்கு அழைத்துச் சென்றார். பத்தாம் நாள் திரும்பி வந்தான். முதுகில் இரண்டு மூன்று தழும்புகள் மட்டும் இருந்தன. வந்த அன்றே விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தடுமாறாமல் ஒப்புவித்தான். நான் அவனை அழைத்து, எழுந்து நிற்கச் சொன்னது என் தவறு என்று சொன்னேன். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

அந்த ஆண்டே விடுதி அறையில் அடைத்துக் கிடந்த மேற்குச் சன்னலைத் திறந்தோம். சட்டைகள் காய்வதற்குக் கூடத்துக்கு வெளியே தனிக்கொடி கட்டினோம். பங்குனி பாதியிலிருந்து, வாரம் ஒருநாள் அஸருக்குப் பின் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, "எங்கேனும் அரிக்கிறதா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். முதல் வாரத்தில் எவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒருவன் சொன்னான். மூன்றாம் வாரத்தில் ஏழு பேர் சொன்னார்கள். அவ்வேழு பேரில் இருவருக்கு இருந்தது வேர்க்குரு அன்று, சிரங்கு. முன்கூட்டியே தெரிந்ததால் அறை முழுவதற்கும் பரவாமல் தடுக்க முடிந்தது.

வாசக சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் நெளிந்துகொண்டு அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். பாடத்தில் கவனமில்லை, சொன்னதைக் கேட்பதில்லை, இரவில் உறங்குவதில்லை என்று நீங்கள் அதைக் கடிந்துகொண்டிருக்கலாம். இன்று மாலை அதன் சட்டையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.